மைய வாக்கியத்தைக் கண்டுபிடிக்க

நல்ல அறிவியல் பத்தியில் மற்ற வாக்கியங்கள் எல்லாம் சார்ந்து நிற்கும் ஒரு வாக்கியம் இருக்கும். அதுவே மைய வாக்கியம். பெரும்பாலும் அது முதலில் வரும். 1953-இல் 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் எழுதிய டி.என்.ஏ. கட்டுரை, ஒரு கட்டமைப்பை முன்மொழிவதாக முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறது. சான்றுகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் முடிவைச் சொல்லும் பத்திகளும் உண்டு.

ஐயம் வந்தால் ஒவ்வொரு வாக்கியமாக நீக்கிப் பார்க்கலாம். குளிர்நாட்டு ஏரி பற்றிய ஒரு பத்தி: நீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறுகிறது; பனிக்கட்டி நீரில் மிதக்கிறது; ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. முதல் இரண்டில் ஒன்றை எடுத்தால் விளக்கம் குறையும், அவ்வளவுதான். மூன்றாவதை எடுத்தாலோ பத்தி எதற்காக எழுதப்பட்டது என்பதே தெரியாது. 'ஆகவே', 'இதனால்' போன்ற சொற்கள் வழிகாட்டலாம். அவற்றை மட்டும் நம்பக் கூடாது. அளவீடுகள் நிறைந்த வாக்கியம் பெரும்பாலும் சான்றுதான்.

கட்டுரை எழுதி முடித்ததும் மைய வாக்கியங்களை அடிக்கோடிட்டு, அவற்றை மட்டும் வரிசையாக வாசிப்பது மிகவும் பயன் தரும். வாதம் எங்கே அறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே பத்தியில் இரண்டு அடிக்கோடு விழுந்தால் அதைப் பிரிக்கலாம். ஒன்றுகூட விழவில்லையென்றால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுவதே சரி.