எலியின் மரபணுவை அடையாளம் கண்ட விதம்

கேள்வி: எலியின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றுபோலவே இருக்குமாமே. எது எந்தப் புரதத்துக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: உண்மைதான். நோய் எதிர்ப்பில் பங்குபெறும் எச்-2 தொகுதி மரபணுக்களில் பல ஏறக்குறைய ஒரே சாயல். 1982-இல் கலிபோர்னியாவின் லீராய் ஹூட் குழுவினர் செய்தது அருமையான வேலை. பால்ப்-சி இன எலியின் மரபணு ஒன்றை, வேறு இன எலியின் 'எல்' செல்களுக்குள் செலுத்தினார்கள். அந்தச் செல்களில் தைமிடின் கைனேஸ் நொதி கிடையாது. அதற்கான மரபணுவையும் கூடவே அனுப்பியதால், டி.என்.ஏ.வை ஏற்ற செல்கள் மட்டுமே, அந்த நொதி இல்லாமல் வாழ முடியாத ஹாட் ஊடகத்தில் பிழைத்தன. பிழைத்தவற்றின் மேற்பரப்பை ஆன்டிபாடிகளால் சோதித்தார்கள். அந்தச் செல்களில் இயல்பாக இல்லாத எல்-டி என்ற எச்-2 புரதத்துக்கான ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டது. செலுத்தியது எந்தப் புரதத்தின் மரபணு என்பது உறுதியானது! வரிசையைப் படித்து ஊகிப்பதைவிட, மரபணுவை வேலைசெய்ய வைத்துப் பார்ப்பதே நம்பகமான சான்று.