வெந்தயமும் பழைய நோட்டும்

"முறம் மெழுகணும்மா. பழைய தாளு கிடந்தா வர்றப்ப எடுத்துட்டு வா." நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம், ஒரத்தநாடு பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமியார் போனில் சொன்னது இவ்வளவுதான். எடைக்குப் போடலாம் என்று வைத்திருந்த இரண்டு வருஷத்துப் பள்ளி நோட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் இருவரோடும் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது. சின்னவனுக்கு ஐந்து.

மூங்கில் முறத்தில் பின்னலுக்கு நடுவே மெல்லிய சந்துகள் இருக்கும். அரிசி நிற்கும், நொய்யும் ரவையும் ஒழுகிவிடும். அந்தச் சந்தை அடைக்கத்தான் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். அத்தை ஆட்டுக்கல்லில் அரைத்துக் கொடுக்க, பிள்ளைகள் முறத்தை மடியில் வைத்து விரலால் தேய்த்துப் பூசினார்கள். மிச்சமிருந்த கூழை, "ஏன்டா வீணாக்கணும்?" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பச் சொன்னார். மூன்றாம் நாள் சின்னவன் கையில் ஒரு பெட்டி இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

அதுவரை எங்கள் வீட்டில் கைவேலை என்றால் பள்ளிக்கூடத்துப் புராஜெக்ட். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குத் தெர்மாகோல், ஜிகினா, கலர் பேப்பர் என்று கடைக்கு ஓடி, பிள்ளை தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து ஒட்டி முடிப்பேன். பள்ளியில் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள். திரும்பி வந்த ஒரு வாரத்தில் அது குப்பைக்குப் போகும். முறமோ இன்னும் அத்தை வீட்டு அடுப்படியில் புடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வேலை செய்யப்போகிற பொருளைச் செய்யும்போது பிள்ளைகளின் கை வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மொட்டை மாடியில் கூழ் காய்கிறது. செய்து, கெடுத்து, திரும்பச் செய்து நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நோட்டிலிருந்து முதலில் பின்களைப் பிடுங்குங்கள். ஒன்று தங்கினாலும் பிசையும்போது கையைக் கிழிக்கும். இந்த வேலை பெரியவர்களுடையது. வழவழப்பான அட்டையும் பளபளக்கும் பத்திரிகைத் தாளும் சரியாக ஊறாது, ஒதுக்கிவிடலாம். மீதித் தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தைப் பாருங்கள், பிசிறு பிசிறாக நார் தெரியும். காகிதம் என்பது கடைசியில் தாவரத்தின் நார்தான். தண்ணீர் வற்ற வற்ற அந்த நார்கள் நெருங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பெட்டியின் பலம் பெரும்பாலும் அந்தப் பிடிப்பில் இருக்கிறது. கிழிப்பது நான்கு வயதுக் குழந்தையும் செய்யக்கூடிய வேலை, செய்ய ஆசைப்படுகிற வேலையும்கூட. "கிழிக்காதே" என்று வருஷம் முழுக்கச் சொல்லிக் கேட்ட பிள்ளையிடம் ஒரு சாக்கு நோட்டைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிழித்ததை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நாற்றம் எடுக்கும். ஒரு கிலோ தாளுக்கு 100 கிராம் வெந்தயம் என்பது எங்கள் கணக்கு. முந்தின ராத்திரியே ஊறவைத்துத் தனியாக அரைத்தால் பஞ்சு மாதிரிப் பொங்கி வரும். அந்த வழவழப்புதான் பசை. வேறு பசை வேண்டியதில்லை.

முதல் வருஷம் மிக்ஸியில் நான் இரண்டு தப்பு செய்தேன். நிறையத் தாளையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டு ஓட்டியதில் மோட்டார் சூடாகி நின்றுவிட்டது. அடுத்த தடவை பயந்துபோய் வெண்ணெய் மாதிரி ஆகும்வரை அரைத்தேன். நார் எல்லாம் பொடிந்துபோனதில் காய்ந்த பெட்டி முழுக்க விரிசல். ஒரு பிடி தாள், அது நன்றாக மூழ்கும் தண்ணீர், நிறுத்தி நிறுத்தி நாலைந்து சுற்று, அவ்வளவு போதும். தாளின் எழுத்து மறைய வேண்டும், நார் மறையக் கூடாது. பிறகு பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்து, வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசைய வேண்டும். கொழுக்கட்டை மாதிரி பிடித்தால் நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. பிசைந்த கூழை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மே மாதச் சூட்டில் மறுநாளே புளித்துவிடும்.

அப்புவதற்கு வாய் அகன்ற, அடி குறுகிய பாத்திரமாகப் பார்த்து எடுங்கள். இது தெரியாமல் சின்னவன் கேட்டான் என்று ஒரு பித்தளைச் செம்பின் மேல் கழுத்துவரை அப்பவிட்டேன். கூழ் காயும்போது சுருங்கும். கழுத்தைக் கவ்விக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அவன் அழுதான். கடைசியில் ஆக்ஸா பிளேடால் நெடுக்காக இரண்டாக அறுத்து, செம்பை எடுத்துவிட்டு, கூழ் வைத்து மறுபடி ஒட்டினோம். தழும்பு மாதிரி ஒரு கோடு அதில் இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் முதலில் காட்டுகிறான்.

பாத்திரத்துக்கு மேல் ஈரத் துணியோ பாலிதீன் தாளோ போட்டு, அரை விரல் கனத்துக்கு அப்பி, ஒரு நாள் நிழலில் வைக்கிறோம். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். பாதி காய்ந்ததும் பாத்திரத்தைக் கழற்றிவிட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக மூன்று நான்கு நாள் வெயில் காட்டினால் தட்டும்போது பலகைச் சத்தம் வரும். ஐப்பசி விடுமுறையில் ஒரு தடவை ஆசைப்பட்டுச் செய்தோம், இரண்டாம் நாளே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. இது கோடைக்கான வேலை. முன்னோர்கள் வடகத்தோடு சேர்த்து இதையும் சித்திரை, வைகாசிக்கு வைத்திருந்தது காரணத்தோடுதான்.

பசை கூடுதலாக வேண்டுமானால் புளியங்கொட்டைப் பொடியைக் காய்ச்சி ஊற்றலாம், நன்றாகப் பிடிக்கும். மைதா மட்டும் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் துளிகூடச் சேர்க்காதீர்கள். நாங்கள் கூழில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளும் வேப்பிலை விழுதும் சேர்க்கிறோம். அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளில் வற்றல் போட்டு வைப்பார்கள். இப்போதைய தாளில் அச்சு மையும் பேனா மையும் கலந்திருப்பதால் நாங்கள் தின்பண்டம் எதையும் போடுவதில்லை. சாவி, ஊசி நூல், கிரையான், சில்லறைக் காசு என்று அதற்கான வேலைகள் வீட்டில் நிறைய இருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவது கூழைப் பற்றியது அல்ல. இரண்டாம் வருஷம் பெரியவள் ஒரு பெரிய பெட்டி செய்தாள். விளிம்பு ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருந்தது. கொஞ்சம் சரி செய்தால் நன்றாக இருக்குமே என்று, அவள் தூங்கிய பிறகு, ஈரக் கையால் விளிம்பைத் தேய்த்து, பள்ளத்தில் கூழ் வைத்துச் சமமாக்கினேன். பத்து நிமிஷ வேலை. காலையில் எழுந்து வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நான் பண்ணினது இல்லம்மா" என்றாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை. வண்ணம் அடிக்கக் கூப்பிட்டும் வரவில்லை. அது இன்றைக்கும் பரண்மேல் கிடக்கிறது, நேரான விளிம்போடு. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் உறுத்துகிறது. புராஜெக்ட்டுகளை ராத்திரியில் ஒட்டி முடித்த காலமெல்லாம் அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிலிருந்து எனக்கு நானே ஒரு கட்டு வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் வேலை செய்யும்போது என் கையிலும் எனக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். நானும் ஒரு பாத்திரத்தில் அப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்கிறேன். கை சும்மா இருந்தால்தான் அவர்கள் வேலையை நோக்கி நீள்கிறது. பின் பிடுங்குவது, பிளேடு பிடிப்பது, அடுப்பில் காய்ச்சுவது என் பொறுப்பு. மற்றதில் கேட்டால் மட்டும் சொல்வேன்.

போன வருஷம் அந்தக் கட்டுக்குச் சரியான சோதனை வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் ஆயிற்றே, தலையாட்டி பொம்மை செய்வோம் என்றாள் பெரியவள். எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருமே, அந்த ராஜா பொம்மை. அடிப்பாகத்துக்குக் கொட்டாங்குச்சி எடுத்தோம். கண் இல்லாத பாதிதான் வேண்டும். அடியில் கூர் இருந்ததால் பொம்மை அங்கே போய்த் தங்கிவிடாதபடி சின்னவன் உப்புத்தாளால் ஒரு மணி நேரம் தேய்த்தான். உள்ளே குளத்துக் களிமண்ணை அடைத்தோம். ஈரமாக அடைத்த மண் காய்ந்ததும் சுருங்கி, ஓட்டை விட்டுப் பெயர்ந்து கடகடத்தது. சுற்றிலும் கூழ் வைத்து இறுக்க வேண்டியிருந்தது. மேலே உடம்பு, தலை, கிரீடம் எல்லாம் கூழிலேயே திண்ணென்று செய்தாள். காய்ந்தது. நிறுத்தினாள். ராஜா மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். கொட்டாங்குச்சியின் வளைவை முழு உருண்டையாக நினைத்துக்கொண்டால், பொம்மையின் மொத்த எடையும் கூடும் புள்ளி அந்த உருண்டையின் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும். இவள் ராஜாவுக்குத் தலைக்கனம். சொல்ல வாய் வந்தது. என் பெட்டியில் கூழை அப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் அதைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் பார்த்தாள். கிரீடத்தை அறுத்துத் தரச் சொன்னாள், அறுத்தேன். பாதி எழுந்தது. மூன்றாம் நாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கேட்டாள். அதன் மேல் தாள் துண்டுகளை ஏழெட்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்து, நான் இரண்டாக அறுத்துக் கொடுக்க, பழத்தை எடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் சேர்த்து ஒட்டினாள். முட்டை ஓடு மாதிரி கனமே இல்லாத தலை. அதைப் பொருத்தித் தள்ளினாள். ராஜா சாய்ந்தார், நின்றார், திரும்பி வந்தார்.

"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

"சொல்லாம இருந்தியே" என்று சொல்லிவிட்டு மறுபடி தள்ளினாள். சாயங்காலம்வரை வீட்டில் யார் வந்தாலும் ஒரு தடவை தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. நவராத்திரிக் கொலுவில் கடையில் வாங்கிய பொம்மைகளுக்கு நடுவே, கிரீடம் இல்லாத அந்த ராஜா மூன்றாம் படியில் இருந்தார்.

இந்த வருஷத்துக்கான தாள் சேர்ந்துகொண்டிருக்கிறது. பரீட்சை முடிந்த நோட்டுகளைச் சின்னவனே கொண்டுவந்து சாக்கில் போடுகிறான். நேற்று இரண்டு பக்கத்தை மட்டும் கிழித்துத் தனியாக மடித்து வைத்துக்கொண்டான். என்ன என்று நான் கேட்கவில்லை. அத்தைக்குப் போன் செய்து, இந்த முறை முறம் மெழுக எந்த வாரம் வரட்டும் என்று கேட்டிருக்கிறேன்.