காணும் பொங்கலுக்கு ஒரு குடும்பக் கணக்கு

பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கழிந்த மறுநாள் காணும் பொங்கல். அன்று நசரத்பேட்டை, பூந்தமல்லி, திருமழிசை முதலிய ஊர்களிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் சென்னை மெரினாக் கடற்கரைக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் போய்வருவது வழக்கம். வருஷமெல்லாம் உழைக்கும் குடும்பத்துக்கு ஒருநாள் உல்லாசம் வீண் செலவன்று. ஆனால், அச்செலவு கடனாகிப் பங்குனி வரையில் தொடருமாயின், ஒருநாள் இன்பத்துக்குப் பல மாதத் துன்பம் விலையாகிறது. அதைத் தவிர்க்கும் வழியே இப்பாடம்.

1. முன்சேமிப்பு

1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், எளிய வருமானமுள்ளவர்களிடையே சிக்கனத்தையும் தன்னுதவியையும் வளர்ப்பதற்கென்றே ஏற்பட்டது. அவ்வருஷமே நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று. ஆகவே, சங்கம் கடன் வாங்கும் இடம் மாத்திரமன்று, சேமிக்கும் இடமுமாகும். நகையை ஈடு வைத்துப் பெறும் கடன் விதைக்கும் படிப்புக்கும் உரியது, கடற்கரைக்கு உரியதன்று.

கணவன், மனைவி, பாட்டி, 14 வயதுப் பெண், 10 வயதுப் பையன், 4 வயதுக் குழந்தை ஆக ஆறு பேருள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். ஆவணி நடுவில் தொடங்கி வாரம் 75 ரூபாய் வீதம் 20 வாரம் செலுத்தினால், தை பிறக்கும்போது 1,500 ரூபாய் கையிலிருக்கும். அதே தொகையை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாத வட்டி 45 ரூபாய். பத்து மாதத்தில் வட்டி மாத்திரம் 450 ரூபாயாகும். அசல் அப்படியே நிற்கும்.

2. பங்கீடு

பணத்தைப் புறப்படுமுன்பே பங்கிட்டு, தனித்தனி உறையில் இடுக:

பேருந்துக் கட்டணம் – ரூ. 200
கட்டுச்சோற்றுச் சாமான் – ரூ. 400
மாலைச் சிற்றுண்டி – ரூ. 450
பிள்ளைகள் கைச்செலவு – ரூ. 150
எதிர்பாராச் செலவு – ரூ. 300
ஆக மொத்தம் – ரூ. 1,500

பத்து மாத வட்டியும் மாலைச் சிற்றுண்டிச் செலவும் ஒரே தொகை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க. கடன்பட்டவன் அந்தச் சிற்றுண்டியை வட்டிக்காரனுக்கு அளிக்கிறான்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல 2021-ஆம் வருஷத்தில் அரசாங்கம் வகை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கட்டணமில்லை. ஆனால், இரவில் கூட்டம் மிகுந்து வேறு வண்டியில் திரும்ப நேரலாம். பாட்டியைப் பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில் அழைத்துவர நேரலாம். எதிர்பாராச் செலவு உறை இதற்கே. பொம்மைக் கடைக்கு அன்று.

பிள்ளைகளுக்குத் தலைக்கு 50 ரூபாயைக் கையிலேயே கொடுத்துவிடுக. தன் பணம் என்று அறிந்த பிள்ளை, ராட்டினமா பலூனா என்று தானே எண்ணிப் பார்க்கும். அழுது கேட்கும் வழக்கமும் குறையும்.

3. உணவு

செலவு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் சாப்பாட்டினாலேயே. மதியச் சாப்பாடு தலைக்கு 150 ரூபாய் என்றால் ஆறு பேருக்கு 900 ரூபாய் ஆகும். கட்டுச்சோறு அதில் பாதிக்கும் குறைவு. பண்டிகைக்கு வாங்கிய அரிசியும் கரும்பும் மீதமிருந்தால் இன்னும் குறையும்.

புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெயில் காய்ச்சி வைத்து, காலையில் ஆறிய சோற்றில் கலக்க. தயிர்ச்சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதளவும் சேர்த்தால், மதியத்தில் புளிப்பேறாது. தேங்காய்ச் சட்டினி வெயிலில் விரைவில் கெடும். இட்லிக்கு எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி போதும். காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்க. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் 2019 முதல் நம் மாகாணத்தில் தடைசெய்யப்பட்டவை. எவர்சில்வர் தூக்கும் வாழையிலையும் கொள்க.

இங்கே ஒரு விஷயம் மறக்கத் தக்கதன்று. கட்டுச்சோற்றில் மிஞ்சும் பணம், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் உழைப்பு. எல்லோருக்கும் விடுமுறையான நாளில் அவளுக்கு மட்டும் இரட்டை வேலை என்றால், அது சிக்கனம் ஆகாது. ஆதலால் காய் நறுக்குதல், பாத்திரம் கட்டுதல், திரும்பியபின் துலக்குதல் ஆகியவற்றைக் கணவனும் பிள்ளைகளும் ஏற்க. மாலைச் சிற்றுண்டியை ஓட்டலில் வைத்ததும் இதற்காகவே. வீடு திரும்பி மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டியிராது.

4. கணக்கு முடித்தல்

மறுநாள் பத்து வயதுப் பையனைக் கொண்டே செலவை எழுதிக் கூட்டச் செய்க. எதிர்பாராச் செலவில் மிஞ்சியதைச் சேமிப்புக் கணக்கிலேயே செலுத்துக. அது அடுத்த வருஷத்தின் முதல் தவணை.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் குடும்பத்துக்கு ஒருநாள் பிரயாணச் செலவு எவ்வளவு? அதை 20 வாரங்களுக்குப் பங்கிடுக.
2. சென்ற பண்டிகைக்கு வாங்கிய கடனில் இதுவரை செலுத்திய வட்டி எவ்வளவு?
3. அன்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னே எழுந்தவர் யார்? கடைசியாக உட்கார்ந்து உண்டவர் யார்?