முயல் வேலியும் ஒரு காகிதமும்



பிலிப் நாய்ஸ் இயக்கி 2002-இல் வெளிவந்த 'ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' என்னும் ஆஸ்திரேலியத் திரைப்படத்தில் போர்க்களமோ குருதிப் பெருக்கோ இல்லை. ஆயினும் அதன் முதல் அரைமணி நேரத்தைத் தனியே அமர்ந்து பார்ப்பது இளையோர்க்குக் கடினம். பயிர்களை அழித்த முயல்கள் மேற்கே பரவாதிருக்க 1901 முதல் 1907 வரை கட்டப்பட்ட நெடுங்கம்பி வேலியே படத்தின் பெயரிலுள்ள வேலி.

1931-இல் ஜிகலாங் என்னும் சிற்றூரில் பதினான்கு வயது மோலியும், தங்கை டெய்சியும், உறவுச் சிறுமி கிரேசியும் தாயரின் கைகளிலிருந்து பிடுங்கப்பட்டு வண்டியில் ஏற்றப்படும் காட்சியே பார்வையாளரை முதலில் உலுக்குவது. காவலர் கையிலிருப்பது துப்பாக்கியன்று, ஒரு காகிதம். மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிச் சிறார் அனைவர்க்கும் 'முதன்மைப் பாதுகாவலர்' என்னும் அரசு அலுவலரையே சட்டப்படியான காப்பாளர் ஆக்கியிருந்ததால், பெற்ற தாயின் மறுப்புக்கு அங்கே மதிப்பில்லை. வண்டி மறைந்தபின் பாட்டி கல்லால் தன் தலையில் அடித்துக்கொள்வதைக் கண்டு திகைக்கும் இளையோர், அது இழவுத் துயரின் வெளிப்பாடு என்பதையும், உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்காக அங்கே இழவு கொண்டாடப்படுகிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

சிறுமியர் மூவரும் கொண்டுசெல்லப்படும், பெர்த் நகருக்கு வடக்கே உள்ள மூர் ஆற்றுக் குடியிருப்பில், தப்பியோடிப் பிடிபட்ட பெண்ணொருத்தி தலைமயிர் வெட்டப்பட்டு, அடிக்கப்பட்டு, கொட்டகையில் அடைக்கப்படுகிறாள். அதனினும் கொடியது ஓசையற்ற மற்றொரு காட்சி: முதன்மைப் பாதுகாவலரான நெவில் சிறார்களை ஒவ்வொருவராக அழைத்து, முதுகுத் தோலின் நிறத்தைப் பார்த்து, வெளுத்த நிறத்தினரை வேறு பள்ளிக்குப் பிரித்தெடுக்கிறார். அவர் குரல் உயர்வதில்லை. தாம் நன்மையே செய்வதாக அவர் நம்புகிறார். நடிகர் கென்னத் பிரானா அவரை அரக்கராகக் காட்டாததே படத்தின் பெருந்துணிவு எனலாம். மூவரும் அங்கிருந்து தப்பி ஊர் நோக்கி நடக்கும் வழியில் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் அறைக்குள் எசமானர் இரவில் நுழையும் காட்சி குறிப்பாகவே நின்றுவிடுவதால், அதன் பொருளைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டறிவதே முறை.

வேலியோரமாகவே நடந்து, கிரேசியின்றி, மோலியும் டெய்சியும் ஊர் சேர்வதைக் கண்டு ஆறுதலடைவோர், உடனே எழுந்துவிடாதிருக்க வேண்டும். முதுமையெய்திய உண்மையான மோலியும் டெய்சியும் இறுதியில் திரையில் தோன்றுகின்றனர். மோலி பின்னாளில் தம் இரு மகள்களுடன் மீண்டும் மூர் ஆற்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும், இளையவளைச் சுமந்து மீண்டும் நடந்தே ஊர் வந்ததும், அக்குழந்தையும் மூன்று வயதில் பறிக்கப்பட்டதும் அப்போதுதான் தெரியவருகின்றன. அவளை மோலி பிறகு காணவேயில்லை.