நாயின் சிறுநீர் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது

வளர்ப்பு நாய் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது சிறுநீரகப் பாதிப்பாக இருக்கலாம்; காலம் தாழ்த்த வேண்டாம். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் இரத்தத்தில் கூடித் தெரியும்போது சிறுநீரகத்தின் ஏறத்தாழ முக்காற்பங்கு வேலை ஏற்கெனவே நின்றிருக்கும். சிறுநீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில பாதிப்புகள் அதற்கு முன்பே தெரியவரும்.

காலையில் முதன்முதல் போகும் சிறுநீரே நல்லது. நாயைக் கயிற்றில் பிடித்து வளவுக்குள் நடத்துங்கள். கொதிநீரில் கழுவி உலர்த்திய நீண்ட பிடி அகப்பையால், முதற் சொட்டுகளை விட்டு, நடுவில் ஏந்துங்கள். அந்த அகப்பை பிறகு சமையலுக்கு வேண்டாம். மண்ணில் விழுந்ததை அள்ளக்கூடாது.

ஒரு மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியரிடம் சேர்த்துவிடுங்கள். சிறுநீரக நுண்குழாய்க்குள் உறைந்து, அதே குழாய் வடிவில் வெளிவரும் துணுக்குகள்தான் அவர் தேடும் முக்கிய தடயம். எங்கள் வெயிலில் அவை சீக்கிரம் சிதைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ இல்லாத படிகங்கள் உருவாகலாம். வைக்க நேர்ந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள்.

கையுறை கட்டாயம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலின் கிருமி நாய், மாடுகளின் சிறுநீரிலும் வெளியேறக்கூடியது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அது தெரியாது. சந்தேகம் இருந்தால் அதற்கெனத் தனிப் பரிசோதனை கேளுங்கள்.