தக்கோலமும் ஸௌம்ய வருஷமும்

பிரபவ முதலாக எண்ணப்படும் அறுபது ஸம்வத்ஸரங்களுள் நாற்பத்து மூன்றாவது ஸௌம்யம். அச்சொல்லுக்குச் சாந்தம் என்பது பொருள். ஆயினும் கி.பி. 949-இல் வந்த ஸௌம்ய வருஷம் தொண்டை மண்டலத்திற்குச் சாந்தத்தைக் கொணரவில்லை. இன்று பெருங்குடிக்கு உத்ஸவம் ஸேவிக்க வரும் அன்பர்கள் நடந்து வரும் இப்பூமியும் அம்மண்டலத்தைச் சேர்ந்ததே.

அக்காலத்தில் சோழ சிம்மாசனத்தில் வீற்றிருந்தவன் முதலாம் பராந்தகன். 907-இல் பட்டமெய்திய அவனுக்கு வீரநாராயணன் என்ற விருதுப்பெயர் உண்டு. வடக்கே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படை திரட்டுவதை அறிந்த பராந்தகன், தன் மூத்த குமாரன் ராஜாதித்யனைத் திருமுனைப்பாடி நாட்டிலுள்ள திருநாவலூரில் பெருஞ்சேனையுடன் நிறுத்தி வைத்தான். பல்லாண்டுகள் காத்திருந்த அச்சேனையே வீரநாராயணன் ஏரியை வெட்டியது என்று பெரியோர் கூறுவர். நாதமுனிகள் திருவவதாரம் செய்த வீரநாராயணபுரத்தை அடுத்துள்ள அவ்வேரிதான் மக்கள் வாக்கில் வீராணம் ஆயிற்று. 2004 முதல் அதன் தீர்த்தம் குழாய் வழியே சென்னை மாநகருக்கும் வந்து சேருகிறது.

அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இரு படைகளும் பொருதன. யானைமேல் அமர்ந்து போரிட்ட ராஜாதித்யன் அங்கேயே உயிர் நீத்தான். அதனால் ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பிற்காலத்தார் அவனைக் குறிப்பிடலாயினர். பகைவர் அம்பு மார்பில் தைக்க, விமானமேறி வீர ஸ்வர்க்கம் புகுந்தான் என்று சோழரின் லெய்டன் செப்பேடு புகழும். கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டோ, கிருஷ்ணனின் மைத்துனனான கங்க மன்னன் பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்றான் என்கிறது. வஞ்சனையால் கொன்றான் என்று அதனை முதலில் வாசித்தவருண்டு. அது பிழையான வாசிப்பு எனப் பின்வந்தோர் மறுத்தனர். தோற்றவர் சொல்லும் வென்றவர் சொல்லும் வேறுபடினும், யானையை விட்டு இறங்காமல் இறந்தான் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஸௌம்ய வருஷத்தைக் குறிப்பிடும் அந்த ஆதகூர்க் கல்லிலேயே மற்றொரு மரணமும் பதிவாகியுள்ளது. போரில் தீரம் காட்டிய மணலரன் என்பவனிடம் வேண்டும் வரம் கேள் என்று பூதுகன் சொல்ல, அவன் பொன்னையோ நிலத்தையோ முதலில் கேட்கவில்லை. அரசனுடைய காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெரும் பன்றியொன்றோடு போராட, இரண்டும் மாண்டன. அதற்காகச் சிவாலயத்தின் முன் நடப்பட்ட கல்லே அது. அக்கல்லைப் பூஜியாமல் உண்ணும் பூசகனை நாயின் பாவம் சேரும் என்றும் அதில் எழுதி வைத்தனர். பூஜை விஷயத்தில் முன்னோர் எத்துணைக் கண்டிப்பாயிருந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ராஜாதித்யனின் தோழனாயிருந்த சேர நாட்டு வீரன் ஒருவனின் கதை இன்னும் உருக்கமானது. தலைவனோடு தானும் மடியக் கூடாமற்போயிற்றே என்று மனம் வெதும்பிய அவன் உலக வாழ்வை வெறுத்துக் கங்கையில் நீராடினான். பின்பு திருவொற்றியூரில் நிரஞ்சன குருவை அடைந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் அங்குள்ள மடத்திற்குத் தலைவரானான். இச்செய்தியைத் திருவொற்றியூர்க் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணைக்கரையில் கிராமம் என்னும் ஊரில் 943-இல் கற்றளி எடுப்பித்த ராஜாதித்யனின் சேனாபதி வெள்ளங்குமரனே இவர் என்பது அறிஞர் துணிபு. அவரது கல்வெட்டு சோழன் பெயரால் தொடங்கவில்லை என்பதுதான் நெஞ்சைத் தொடுவது. தன் தோழனைக் கொன்ற பக்கத்து அரசனாகிய கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டிட்டே அது பொறிக்கப்பட்டது. அப்போது தொண்டை மண்டலத்தில் கோயில் தர்மங்களெல்லாம் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் பெயராலேயே எழுதப்பட்டு வந்தன.

மூத்த மகனின் முடிவைக் கேட்கும் துர்ப்பாக்கியம் முதிய பராந்தகனுக்கு நேர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளே அவன் ஜீவித்திருந்தான். தம்பி கண்டராதித்யன் அரசேற்றான். ராஜராஜன் முடிசூடிய 985-ஆம் ஆண்டுக்கு அப்போது இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.