பொருநை கடல் சேரும் புன்னக்காயல்

நவகயிலாயத் தலங்களை முறையே வழிபட்டுவரும் அன்பர்கள் ஒன்பதாவதாகக் கண்டு வணங்குவது சேர்ந்தபூமங்கலம். அகத்தியரின் மாணாக்கராகிய உரோமச முனிவர் பொருநையில் மிதக்கவிட்ட ஒன்பது தாமரை மலர்களுள் இறுதி மலர் கரை சேர்ந்த இடம் இதுவென்பது தலவரலாறு. பொதிகையிற் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, இவ்வூரைக் கடந்து சிறிது தொலைவிலேயே புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கின்றது.

ஆற்றின் முகத்துவாரம் பண்டு இவ்விடத்தில் இருந்ததன்று. சங்கப் புலவர் முத்துக்குப் புகழ்ந்ததும், யவன அறிஞர் தாலமி ‘கொல்கோய்’ எனக் குறித்ததும் ஆகிய கொற்கையே அந்நாளில் ஆறு கடல் சேர்ந்த துறை. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டு கி.மு. 785ஐ ஒட்டியதெனக் கணிக்கப்பட்டது. அத்தகு துறைமுகம் இன்று கடலினின்றும் சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, நெல்லும் வாழையும் சூழ நிற்கின்றது. அங்குள்ள அக்கசாலைப் பிள்ளையாரின் பெயரே பழஞ்செல்வத்திற்குச் சான்று. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலை.

கடல் விலகியது எங்ஙனம்? வெள்ளந்தோறும் ஆறு கொணர்ந்த வண்டல் முகத்துவாரத்திற் படிந்தது. அலைகள் அதனை மணல் திட்டாக ஒதுக்கின. திட்டின் உட்புறம் தேங்கிய உப்புநீர்ப் பரப்பே காயல். அதுவும் நாளடைவில் தூர்ந்து வயலாயிற்று. கடல் உள்வாங்கிற்று என்று கூறுவதினும் ஆறு நிலம் ஈன்றது என்று கூறுதல் பொருந்தும்.

துறை இழந்த வணிகர் கடலைத் தொடர்ந்து கிழக்கே பெயர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு மரக்கலங்கள் வந்திறங்கிய காயல் நகரைப் பாராட்டுகின்றார். அஃது இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல் ஐயரின் துணிபு. அவர் அங்கே அகழ்ந்து சீனப் பீங்கான் ஓடுகளையும் கண்டெடுத்தார். அத்துறையும் தூர்ந்தபின் ஏற்றம் பெற்றது புன்னக்காயல். நெய்தல் நிலத்து மரமாகிய புன்னை இவ்வூர்ப் பெயரில் இன்றும் வாழ்கின்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே தங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்நூலைத் தந்த அன்றீக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்ததும் இவ்வூரிலேயே. பின்னர்த் தலைமை தூத்துக்குடிக்குச் சென்றது.

ஆறு விட்டுச்சென்ற நிலத்தை நம் முன்னோர் வீணாக்கவில்லை. அணை கட்டினர், கால் வெட்டினர், குளம் தொட்டனர். 1873இல் நிறைவுற்ற ஸ்ரீவைகுண்டம் அணை இவ்வரிசையில் கடைசியானது. அதன் வடகால் நீர் பெருங்குளம், ஆறுமுகமங்கலம் முதலிய குளங்களை நிரப்பிக் கொற்கைக் குளம்வரை செல்கின்றது. மரக்கலம் நின்ற ஊர், மடைநீரால் வாழும் ஊராயிற்று.

எனினும் ஆறு தன் பழைய வழியை மறந்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. குளங்கள் உடைந்தன; ஏரல், ஆத்தூர், புன்னக்காயல் ஆகிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. நீர் புகுந்து நின்ற தாழ்நிலங்களிற் பல, முன்னொரு நாள் காயலாய்க் கிடந்தவையே. அங்கே வீடு கட்ட முனைவோர், மனை வாங்குமுன் ஊர்ப் பெரியவரை அழைத்து நீரோடிய தடத்தைக் கேட்டறிதல் நலம்.